நேர்வழி நின்ற உத்தியோகத்தர்: சேர் பொன்னம்பலம் அருணாசலம்

நமது கல்லூரியின் விழா மலருக்கு ஒரு பெரியாரின் சரிதத்தை எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைப் பணித்தபோது, யாரைத் தெரிவது என்று நாம் நெடிது எண்ண வேண்டியிருக்கவில்லை. இக்கல்லூரியை விட்டு வெளியேறும் மாணவருட் பெரும்பாலார் ஏதேனும் ஒரு கந்தோரிற் புகுகின்றனர். பதுளைக் கச்சேரியோ, பண்டாரவளையில் ஒரு வங்கியோ, பசறை, மடூல்சீமை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டக் கந்தோரோ, பாடசாலையோ, வைத்தியசாலையோ அவர்களை ஏற்றுக் கொள்கின்றது. இரண்டோர் ஆண்டு கழிந்தபின் அவர்கள் தம் பழைய ஆசிரியரைக் காண வரும்போது கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றேயாம். ஏற்ற பணியைச் செவ்வையாகச் செய்தாற் போதுமா, அல்லது மேலதிகாரியின் வாசலிற் காத்து நின்றும், உடன் வேலை செய்வோர்மீது கோள் கூறியும், ஏதேனும் ஒரு கட்சியிற் சேர்ந்து கொண்டுமே முன்னேற வேண்டுமா என்பதே அவ்வினா. இதற்கு நீதி நூல்களிலிருந்து விடை கூறுதல் எளிது. ஆயின், இளைஞர் கேட்பது நீதியன்று. அவ்வாறு வாழ்ந்து காட்டியவர் எவரேனும் உளரா, அவருக்குக் கிடைத்தது யாது, கிடைக்காதது யாது என்பதையே கேட்கின்றனர். ஆகவே, முப்பத்தெட்டு ஆண்டுகள் அரசாங்க சேவையில் இருந்தும் அத்தகைய வழியில் அடி வைக்காத சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களின் வாழ்க்கையை இங்கே சுருங்க உரைக்கின்றோம்.

பிறப்பும் கல்வியும்

அருணாசலம் அவர்கள் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆம் திகதி கொழும்பிற் பிறந்தார். தந்தையார் மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட பொன்னம்பல முதலியார். தாயார் செல்லாச்சி அம்மையார். மூத்த தமையனார் குமாரசுவாமி. இளைய தமையனார், பின்னாளில் நாடெங்கும் புகழ்பெற்ற சேர் பொன்னம்பலம் இராமநாதன். தாய்மாமனார் சேர் முத்துக்குமாரசுவாமி அவர்கள் சட்டநிரூபண சபை அங்கத்தவராக விளங்கியவர்; அவருடைய மைந்தரே கலைஞானி ஆனந்த குமாரசுவாமி. செல்வமும் செல்வாக்கும் நிறைந்த இக்குடும்பத்திற் பிறந்த ஒருவருக்கு, பிறருடைய தயவினால் உயர்வதற்கு வேண்டிய வாயில்கள் பல திறந்திருந்தன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. லயத்திற் பிறந்து, விளக்கொளியிற் படித்து, முதன்முறை கந்தோர்ப் படியேறும் நம் மாணவனுடைய நிலை வேறு. அருணாசலத்தின் நிலை வேறு. ஆயினும், திறந்திருந்த வாயில்களுள் எதனை அவர் தெரிந்தார் என்பதிலேயே நமக்குரிய பாடம் இருக்கின்றது.

இன்று றோயல் கல்லூரி என வழங்கும் கொழும்பு அக்கடமியிற் பயின்று, 1870ஆம் ஆண்டிற் சர்வகலாசாலைப் புலமைப் பரிசிலைப் பெற்று, கேம்பிறிட்ஜ் நகரிலுள்ள கிறைஸ்ற்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களிலும் கணிதத்திலும் சிறந்து விளங்கினார். ஆங்கில எழுத்தாளரான எட்வேட் காப்பென்ரர் என்பாருடன் பூண்ட நட்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது. சட்டமும் பயின்று நியாயவாதியாகும் தகைமை பெற்றார். நியாயவாதத் தொழிலில் இறங்கியிருந்தாற் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். ஆயினும் இலங்கைச் சிவில் சேவைக்குரிய போட்டிப் பரீட்சைக்குத் தோற்றி, 1875ஆம் ஆண்டில் அதிற் சித்தியெய்தினார். பகிரங்கப் போட்டிப் பரீட்சை வாயிலாகச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் அவரே. எவருடைய சிபாரிசுமின்றி, விடைத்தாளின் பலத்தினாற் பெற்ற அந்த இடமே அவருடைய பிற்கால வாழ்வு முழுவதற்கும் அத்திவாரமாயிற்று என்பது எமது கருத்து.

நீதித் தலங்களில்

அக்காலத்துச் சிவில் சேவை ஏறத்தாழ முழுவதும் ஆங்கிலேயர் கையில் இருந்தது. கச்சேரியில் நாற்காலி ஒன்றாயினும், மாலையிற் கூடும் விருந்து மண்டபம் வேறு. வேட்டைக்கும் விளையாட்டுக்கும் விருந்துக்கும் ஒன்றுகூடிய உத்தியோகத்தர்கள் இடமாற்றங்களையும் பதவியுயர்வுகளையும் பற்றி அங்கேதான் பேசிக் கொண்டனர். அக்கூட்டத்துள் ஒரு தமிழர் முழு உரிமையோடு புகுதல் அரிது. இந்நிலையில் ஒருவருக்கு இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, அவர்களுக்கு உகந்தவராக நடித்து அவர்களுடைய தயவைத் தேடுதல். மற்றொன்று, குறைகூற இடமில்லாதபடி தமது பணியைச் செய்தல். அருணாசலம் இரண்டாவதனைத் தெரிந்தார்.

கொழும்பிற் கடமையைத் தொடங்கிய அவர், பின்னர்ப் பெரும்பாலும் நீதிபரிபாலனப் பதவிகளிலேயே அமர்த்தப்பட்டு ஊர்தோறும் மாற்றப்பட்டார். கண்டி, களுத்துறை, மட்டக்களப்பு, குருநாகல் முதலிய இடங்களில் நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தார். அவர் எழுதிய தீர்ப்புகளின் தெளிவை உயர் நீதிமன்றத்தார் பாராட்டினர். நீதித் தலத்தில் எழுதப்படும் தீர்ப்புக்கு ஒரு சிறப்பு உண்டு. அது மேன்முறையீட்டுக்குச் செல்லும்போது, எழுதியவர் இன்னாருடைய நண்பர் என்பதை மேல்நீதிபதி பார்ப்பதில்லை. நியாயம் பொருந்துகின்றதா என்பதையே பார்ப்பார். தன் வேலை பிறர் கண்ணிற் படுமாறு எழுத்தில் நிற்கும் இடத்தைப் பெற்றவன் பாக்கியசாலி. அந்தப் பாக்கியத்தை அருணாசலம் நன்கு பயன்படுத்தினார்.

1887ஆம் ஆண்டு

1883 முதல் 1890 வரை இலங்கைத் தேசாதிபதியாக இருந்தவர் சேர் ஆதர் கோடன். நமது ஊவாப் பகுதி மத்திய மாகாணத்தினின்றும் பிரிக்கப்பட்டு, பதுளையைத் தலைநகராகக் கொண்ட தனி மாகாணமாக 1886இல் அமைக்கப்பட்டது அவருடைய காலத்திலேயே. அவர் 1887ஆம் ஆண்டில், சேவையின் கீழ்த்தரமொன்றில் இருந்த அருணாசலத்தை, ஏறக்குறைய முப்பது மூத்த உத்தியோகத்தருக்கு மேலாக, பதிவாளர் நாயகமாகவும் மேல் மாகாணப் பிஸ்காலாகவும் பதிற்கடமையாற்ற நியமித்தார். கந்தோர் எங்கும் கொந்தளிப்பு எழுந்தது. மூத்தோர் சிலர் சீமையிலுள்ள குடியேற்றநாட்டு மந்திரிக்கு முறைப்பாடு அனுப்பினர்.

இவ்விடத்தில் நாம் ஒரு கணம் நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். முறைப்பாடு செய்தவர்களையும் முற்றாகக் குறைகூற முடியாது. வரிசை முறை என்பது சேவையில் ஒரு பாதுகாப்பு. அதனை ஒரு தேசாதிபதியின் விருப்பம் கடந்து செல்லுமாயின், இன்று ஒரு திறமைசாலிக்கு வாய்த்தது நாளை ஒரு முகத்துதிக்காரனுக்கும் வாய்க்கும். ஆகையால் அந்த நியமனம் தக்கதோ தகாததோ என்பதனை அந்த நியமனமே தீர்மானிக்க இயலாது. அதன் பின்னர் நடந்த வேலையே தீர்மானிக்க வேண்டும். பிறர் தலைமேலாக உயர்த்தப்பட்ட ஒருவர் செய்யக்கூடிய பெரும் பிழை, தம்மை உயர்த்தியவரின் நிழலிற் பதுங்கித் தமக்கென ஒரு கூட்டத்தைச் சேர்த்துக் கொள்வதாகும். அருணாசலம் அங்ஙனம் செய்தாரல்லர். அவர் பதிவாளர் நாயகத்தின் கந்தோர்க் கதவைத் திறந்து, உள்ளே என்ன இருக்கின்றது என்று பார்க்கத் தொடங்கினார்.

பதிவேட்டறை

உள்ளே இருந்தது பெருஞ் சீர்கேடு. பதிவாளர் நாயகத்தின் கந்தோர் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளுக்கும் காணி உறுதிப் பதிவுகளுக்கும் பொறுப்பானது. ஏழை விவசாயி ஒருவன் ஒரு துண்டு நிலம் வாங்கினால், நொத்தாரிசு எழுதிய உறுதி அங்கே பதிவு செய்யப்படல் வேண்டும். அந்த நிலம் முன்னரே ஈடு வைக்கப்பட்டதா, வேறொருவருக்கு விற்கப்பட்டதா என்று அறிய வேண்டுமாயினும் அங்கேதான் தேடுதல் வேண்டும். அத்தகைய இடத்தில் வேலை தேங்கிக் கிடந்தது. மோசடியும் கையூட்டும் மலிந்திருந்தன. வேலை குவிந்து கிடக்கும் கந்தோரில், எந்தத் தாள் முதலில் நகரும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் சட்டத்தின் கையை விட்டு இலிகிதரின் கைக்குப் போய்விடுகின்றது. அட்டவணை இல்லாத அறையில், எந்தப் பதிவு எங்கே இருக்கின்றது என்பதை அறிந்தவனே அரசன். கந்தோர்ச் சூழ்ச்சிகள் யாவும் இத்தகைய இருட்டிலேதான் வளர்கின்றன.

அருணாசலம் செய்த சீர்திருத்தம் இந்த உண்மையை உணர்ந்து செய்யப்பட்டது. பதிவுகளை ஒழுங்காக வைப்பதற்கு ஓர் ஏட்டறையை அமைத்தார். வேண்டிய பதிவை வேண்டிய நேரத்தில் எடுக்கும்படி அட்டவணை முறையை ஏற்படுத்தினார். தேங்கிய வேலையை நகரச் செய்தார். ஒழுங்கும் அட்டவணையும் வந்த இடத்தில், ஒருவரைத் தனியே கண்டு பேச வேண்டிய தேவை குறைகின்றது. தேவை குறையவே கையூட்டும் குறைகின்றது.

இதனினும் சிறந்தது அவர் செய்த மற்றொரு காரியம். இலிகிதர் பலர் கடனில் மூழ்கியிருந்தனர் என்பதை அவர் கண்டார். மாதச் சம்பளம் கைக்கு வருமுன்னரே வட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது, கையூட்டை மறுக்கும் வலிமை எல்லோருக்கும் இருப்பதில்லை. குற்றவாளிகளைப் பிடித்துத் தண்டிப்பதோடு நின்றுவிடாமல், அவர்களுடைய கடன் சுமையைத் தணிப்பதற்காக ஓர் உபகார நிதியை நிறுவினார். மேலிருந்து நல்லொழுக்கம் போதிப்பவர் பலர். நல்லொழுக்கமாய் இருப்பதற்கு வேண்டிய வசதியைத் தம் கீழுள்ளோருக்குச் செய்து கொடுப்பவர் சிலர். அருணாசலம் அச்சிலருள் ஒருவர்.

பதிற்கடமை முடிந்ததும் அவர் மீண்டும் நீதித் தலத்துக்கே சென்றார். 1890இல் எட்வேட் காப்பென்ரர் இலங்கைக்கு வந்து அவருடன் தங்கிய போது அவர் குருநாகலில் நீதிபதியாக இருந்தார். ஏறிய படியிலிருந்து ஒரு படி இறங்கியதாக அதனை அவர் எண்ணிக் கசந்து, கடமையிற் சோர்ந்தார் என்று கூறுவாரில்லை. பின்னர் பதிவாளர் நாயகப் பதவி மீண்டும் அவரிடமே வந்து சேர்ந்தது.

1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு

அவருடைய பணிகளுள் மிகச் சிறந்ததெனப் பலரும் கொள்வது 1901ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் எடுக்கப்பட்ட குடிசன மதிப்பாகும். 1871, 1881, 1891 ஆகிய ஆண்டுகளின் பின் எடுக்கப்பட்ட நான்காவது மதிப்பு அது. நாட்டின் குடித்தொகை 35 இலட்சத்து 65 ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டது என அதிற் கண்டனர். தொகையைக் கூட்டி அச்சிடுவதோடு அவர் அமையவில்லை. இந்நாட்டு மக்களின் வரலாறு, சமயம், மொழி, குலம், தொழில், நோய், கல்வி ஆகிய அனைத்தையும் ஆராய்ந்து, இன்றும் அறிஞர் எடுத்துப் பார்க்கும் பேரறிக்கையாக அதனை எழுதினார். அவர் வெளியிட்ட பிறப்பு இறப்புப் புள்ளிவிபரங்கள் பிற நாட்டு அறிஞராலும் போற்றப்பட்டன.

அம்மதிப்பிலே தோட்டங்களில் வசித்தோர் வேறாகக் கணக்கிடப்பட்டனர். அவர்கள் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோராவர். நமது ஊவாவின் மலைகள் அக்காலத்திலேதான் கோப்பியை இழந்து தேயிலையைப் போர்த்துக் கொண்டிருந்தன. புகையிரதம் 1893இல் அப்புத்தளைக்கும் 1894இற் பண்டாரவளைக்கும் வந்திருந்தது. பதுளைக்கு அது வந்து சேர்வதற்கு 1924ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. லுணுகலை, மடூல்சீமைப் பக்கத்து லயங்களில் வாழ்ந்த நம் பாட்டன் பாட்டிமார் பலருக்கு, தம்மை ஒருவர் எண்ணிச் சென்றார் என்பதுகூடத் தெரிந்திராது. துரையின் செக்குறோலிலும் கங்காணியின் கடன் கணக்கிலும் மட்டுமே இருந்த அவர்கள், நாட்டின் கணக்கிலும் உளர் என்பதற்கு அந்த அறிக்கை ஒரு சாட்சியாயிற்று.

கிடைக்காதவை

இனி, இளைஞர் கேட்கும் வினாவின் மறுபாதிக்கு வருகின்றோம். இத்துணைத் திறமையோடு பணி செய்தவருக்குக் கிடைத்தது யாது? 1906இற் சட்டநிரூபண சபையில் இடம் கிடைத்தது, 1912இல் நிர்வாக சபையிலும் அமர்ந்தார், 1913இல் இளைப்பாறினார், 1914இற் சேர் பட்டம் பெற்றார். இவை சிறியனவல்ல. ஆயினும், சிவில் சேவையாளர் ஒவ்வொருவரும் நோக்கியிருந்த பெரும் பதவி மாகாண அரசாங்க அதிபர் பதவியாகும். பதுளையில் இருந்து ஊவா முழுவதையும் ஆண்ட அத்தகைய அதிபர் பதவி எம்மாகாணத்திலும் அருணாசலத்துக்கு வழங்கப்படவில்லை. ஒரு மாகாணத்தை இலங்கையர் ஒருவரின் ஆட்சிக்கு விட அன்றைய ஆங்கிலேய ஆட்சி ஆயத்தமாக இருக்கவில்லை. இந்தத் தடையைத் திறமை உடைக்கவில்லை. எத்துணை முகத்துதியும் உடைத்திராது.

ஆகவே, நேர்மையாக உழைப்பவன் எல்லாம் பெறுவான் என்று நாம் மாணவருக்குப் பொய்யுரைக்க மாட்டோம். பதவி என்பது பிறர் கையில் உள்ள பொருள். அது தரப்படலாம், மறுக்கப்படலாம். ஏட்டறையின் ஒழுங்கும், குடிசன மதிப்பு அறிக்கையும், தீர்ப்புகளின் தெளிவும் அவருடைய கையில் இருந்த பொருள்கள். அவற்றை எவரும் மறுக்க முடியவில்லை. அக்காலத்து அரசாங்க அதிபர்களின் பெயர்களை இன்று நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அப்பதவி பெறாதவருடைய சரிதத்தையே இன்று எழுதிக் கொண்டிருக்கின்றோம்.

தோட்டத் தொழிலாளரின் துணைவர்

இளைப்பாறிய பின் சாய்மனைக் கதிரையில் அமர்ந்திருக்க அவர் விரும்பவில்லை. 1915இல் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தை நிறுவினார். 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கம் அவருடைய தலைமையில் எழுந்தது. அதன் செயலாளராக உழைத்தவர் மலைநாடு நன்கறிந்த பெரி. சுந்தரம் அவர்கள். இச்சங்கம் முதன்மையாக எடுத்துக் கொண்டது நமது தோட்டத் தொழிலாளரின் துயரத்தையாகும்.

இன்றைய இளைஞர் அத்துயரத்தை முழுமையாக அறியார். 1865ஆம் ஆண்டின் தொழிற் சட்டப்படி, முன்னறிவித்தல் கொடாது தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளி குற்றவாளியாவான். அவன் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு மறியலுக்கு அனுப்பப்படலாம். வேலையை விடுதல் ஏனையோருக்கு ஓர் ஒப்பந்த மீறல் மாத்திரமே. தோட்டத் தொழிலாளிக்கோ அது சிறைக் குற்றம். இதனோடு துண்டு முறையும் சேர்ந்தது. ஒருவன் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின், இவ்வளவு கடனை இறுத்தால் இவன் விடுவிக்கப்படுவான் என்று துரை எழுதிய துண்டு கங்காணியின் கையில் இருத்தல் வேண்டும். புதிய தோட்டம் அக்கடனை இறுத்து, முற்பணமும் சேர்த்து, அத்தொகை முழுவதையும் தொழிலாளியின் பேரில் எழுதிக் கொள்ளும். இவ்வாறு ஆள் மாறுந்தோறும் கடன் ஏறியது; ஏறிய கடன் பிள்ளைகளின் தலையிலும் தங்கியது. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்து மலையேறியவர்கள், மீண்டும் இறங்க முடியாத சுழலில் அகப்பட்டனர்.

சிவில் சேவையில் இருந்த ஒருவருக்கு இச்சட்டத்தின் வன்மை தெரியாததன்று. இளைப்பாறிய பின் அவர் அதனை எதிர்த்துப் பேசினார், எழுதினார், மனுச் செய்தார். தோட்டச் சொந்தக்காரர்களின் செல்வாக்கு மிகுந்த அக்காலத்தில் இது எளிய காரியமன்று. இந்தியாவிலும் இலங்கையிலும் எழுந்த கிளர்ச்சியின் பயனாக, 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வேலையை விட்டோரைச் சிறையிலிடும் விதிகளும் நீங்கும் வழி பிறந்தது. ஊவாவின் தோட்டங்களில் அருணாசலத்தின் பெயரை அறியாமலே அவர் உழைப்பின் பயனை அனுபவித்தோர் பல்லாயிரவர்.

வாக்குறுதி முறிந்த போது

1906 முதல் இலங்கைக்கு ஒரு சர்வகலாசாலை வேண்டுமென அவர் முன்னின்று கிளர்ச்சி செய்தார்; அதன் பயனாக 1921இற் கொழும்பில் யூனிவேர்சிற்றிக் கல்லூரி திறக்கப்பட்டது. 1919ஆம் ஆண்டு டிசெம்பரிற் கூடிய இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற்றலைவராகவும் அவரே தெரிவு செய்யப்பட்டார். சிங்களரும் தமிழரும் ஒருங்கிருந்து அரசியற் சீர்திருத்தம் கோரும் நோக்கம் அது. மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் இடம் ஒதுக்கப்படுவதை ஆதரிப்பதாகச் சிங்களத் தலைவர்கள் 1918இல் எழுத்து மூலம் அளித்த உறுதியை நம்பியே அவர் தமிழரை அதிற் சேரச் செய்தார். அவ்வுறுதி காப்பாற்றப்படவில்லை. 1921இல் அவர் காங்கிரசை விட்டு விலகினார்; 1923இல் இலங்கைத் தமிழ் லீக்கை ஆரம்பித்தார்.

கந்தோரிற் சூழ்ச்சிக்கு இடங்கொடாதவர், அரசியலில் அதன் கையில் தோல்வியுற்றார் என்று சிலர் கூறலாம். அது ஓரளவு உண்மையே. கந்தோரில் ஏட்டறைக்கு ஒழுங்கு செய்ததுபோல, அரசியலில் வாக்குறுதிக்கு ஒழுங்கு செய்ய ஒருவரால் மட்டும் இயலாது. ஆயினும், தலைமைப் பதவியைக் காத்துக் கொள்வதற்காக முறிந்த வாக்கினை முறியாதது போலக் காட்டி அங்கேயே தங்கியிருக்கும் வழி அவருக்கும் திறந்தே இருந்தது. அதனை அவர் நாடவில்லை என்பதையும் நாம் குறித்துக் கொள்ளல் வேண்டும்.

சைவப் பற்று மிக்க அவர், தஞ்சாவூரைச் சேர்ந்த அருட்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டு, சைவத் திருமுறைகளையும் சங்க நூற் பாடல்கள் சிலவற்றையும் ஆங்கிலத்திற் பெயர்த்தவர். தென்னாட்டுத் தலங்களைத் தரிசிக்கச் சென்றிருந்தபோது, 1924ஆம் ஆண்டு சனவரி மாதம் 9ஆம் திகதி, மதுரையில் இறைவனடி சேர்ந்தார். 1930இற் கொழும்பிலே சட்டநிரூபண சபை வளவில் அவருக்குச் சிலை நாட்டப்பட்டது. அவருடைய புதல்வருள் ஒருவரான சேர் அருணாசலம் மகாதேவா பின்னர் உள்நாட்டு மந்திரியாக விளங்கினார்.

ஒரு தாளின் விலை

அவர் மறைந்து 24 ஆண்டுகளின் பின், அவர் ஒழுங்கு செய்த கந்தோரின் ஏடுகள் நம் மக்களின் தலைவிதியைத் தீர்மானிக்கும் நாள் வந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டப்படி, இந்நாட்டிற் பிறந்த ஒருவர்தாமும், தம் தந்தையார் இங்கே பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர் என்றோ காட்ட வேண்டியவரானார். 1867 முதலே பிறப்புப் பதிவுக்குச் சட்டம் இருந்தும், லயத்திற் பிறந்த பிள்ளைகள் எல்லோருடைய பிறப்பும் ஏட்டில் ஏறவில்லை. துரை அறிவிக்க மறந்ததாலோ, கந்தோரில் ஒருவர் பெயரைப் பிழைபட எழுதியதாலோ, தாள் இல்லாதவர் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோருட் பெரும்பாலார் நிராகரிக்கப்பட்டனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. பதுளைப் புகையிரத நிலையத்திலும் தெமோதரையிலும் பண்டாரவளையிலும் நம் உற்றாரை அழுது வழியனுப்பிய காட்சிகளை நம்முள் முதியோர் மறந்திலர். எஞ்சியோரின் பிரசாவுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே தீர்க்கப்பட்டது.

இதனை இங்கே கூறுவதற்குக் காரணம் உண்டு. கந்தோரில் ஓர் இலிகிதன் தன் மேசைமேல் உள்ள தாளைச் சிறிதெனக் கருதி, மேலதிகாரியின் கண்ணிற் படும் காரியத்தையே பெரிதெனக் கொள்ளுதல் இயல்பு. ஒரு பிறப்புச் சாட்சிப் பத்திரத்திற் பெயர் சரியாக எழுதப்பட்டதற்காக எவருக்கும் பதவியுயர்வு கிடைத்ததில்லை. ஆயினும், அந்த ஓர் எழுத்து ஒரு குடும்பத்தை ஊரில் இருத்தும். அல்லது கடல் கடத்தும். பதிவாளர் நாயகத்தின் அறையை ஒழுங்கு செய்த அந்தப் பெரியார் தம் காலத்திற் செய்த வேலையின் பெறுமதியை, நாம் இழந்த பின்னரே அறிந்தோம்.

நம் இளைஞருக்கு

பழைய மாணவர் என்ற முறையில் நாம் நம் தம்பியருக்கு மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கின்றோம். முதலாவது, உன் வேலை எழுத்தில் நிற்குமாறு செய். காலையில் வாய்மொழியாக ஏற்ற பணியை மாலையில் ஏட்டிற் பதி. கோள் சொல்பவனுக்குப் பதில் சொல்வது உன் நாவன்று, உன் ஏடேயாகட்டும். இரண்டாவது, உனக்கு மட்டும் தெரிந்த இரகசியமாக உன் வேலையை வைத்துக் கொள்ளாதே. உனக்குப் பின் வருபவன் ஒரு நாளிற் கற்கும்படி அதனை ஒழுங்கு செய். அட்டவணை செய்பவன் தன் அதிகாரத்தைக் குறைத்துக் கொள்கின்றான் போலத் தோன்றும். உண்மையில் அவன் நிலைத்த பெயரைத் தேடிக் கொள்கின்றான். மூன்றாவது, உனக்கு மேலே உள்ளவன் தரக்கூடியதை எண்ணி உழையாதே. உனக்குக் கீழே உள்ளவனுக்கு நீ செய்யக்கூடியதை எண்ணி உழை.

இவற்றைச் செய்தும் உனக்கு வரவேண்டிய படி வராமற் போகலாம். சேர் அருணாசலத்துக்கும் வரவில்லை. ஆனால், பிறரைத் தாழ்த்தி ஏறிய படி எதனையும் நீ நினைந்து வெட்க வேண்டியிராது. தேயிலைக் கொழுந்து கிள்ளிய கைகளின் உழைப்பினாற் படித்து வந்த நமக்கு, அந்தக் கைகளின் முன் தலை நிமிர்ந்து நிற்பதைக் காட்டிலும் பெரிய பதவி வேறில்லை. நமது கல்லூரி இன்னும் பல விழாக்களைக் காண்க. அதன் மாணவர் கச்சேரியிலும் தோட்டத்திலும் பாடசாலையிலும் நேர்வழி நின்று பெயர் பெறுக என எல்லாம் வல்ல முருகப் பெருமானை வேண்டி அமைகின்றோம்.